இரண்டு வருஷத்துக்கு நடுவே ஓர் ஆள்

வரி இலாகா ஒருவருக்குக் கெடுதல் செய்யக் கிளம்பினால் வக்கீல் வைக்கலாம், மேல்முறையீடு போடலாம், ஒன்றும் நடக்காவிட்டால் காலில் விழலாம். நல்லது செய்யக் கிளம்பினால்தான் தப்பிக்க வழியே கிடையாது. லாண்டரியம்மாவுக்கு இது தெரிந்திருந்தால் கதவிடுக்கில் வந்து விழுந்த அந்த நோட்டீசை அப்படியே பாய்லர் அடுப்பில் போட்டிருப்பாள். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தாள்.

நீண்ட நாள் வேலையில்லாத ஒருவரைப் புதிதாக வேலைக்குச் சேர்த்துக்கொண்டு, நாலு மாதம் வைத்திருந்தால், அவருடைய சம்பளத்தில் பாதியை முதலாளியின் வரியில் கழித்துக்கொள்வார்களாம். நோட்டீசில் ஒரு முதலாளியும் ஒரு தொழிலாளியும் கைகுலுக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் சலுகைக்கு மனுப் போடாதவர்கள் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. அவள்தான் கவனிக்கவில்லை.

லாண்டரி ஆஸ்பத்திரிக்குப் பின்புறச் சந்தில் இருந்தது. ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் அங்கேதான் வெளுத்தன. மிஷின்களை இரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டார்கள், வண்டியைப் புருஷன் ஓட்டினார், மற்ற எல்லாம் லாண்டரியம்மா. இன்னொரு ஆள் இல்லாமல் முடியாது என்ற நிலை. ஆனால் அவளிடம் இருந்த வசதி அரை ஆளுக்குத்தான். அரை ஆள் எந்த ஊரிலும் கிடைப்பதில்லை. மிச்ச அரை ஆளை அரசாங்கம் தாங்கும் என்று படித்ததும், மனுஷனுக்கு மனுஷன் இப்படியும் உதவுகிறார்களே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அப்படி வந்தவர் நெட்டையர். குடைத் தொழிற்சாலை மூடியதிலிருந்து வருஷக்கணக்காக வேலையில்லை. அவருடைய மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய், "ஒரு வேலையில நிலைச்சு நின்னதும் சொல்லுங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டிருந்தாள். மனுஷர் வாசல் நிலையில் தலை இடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். இடித்துக்கொண்ட கையோடு, இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடிக்கிற பெரிய விரிப்பை எடுத்து, கைகளை அகல விரித்து, தனியாளாக மடித்து, ஆஸ்பத்திரி முத்திரை மேலே தெரியும்படி வைத்தார். லாண்டரியம்மா மறுபேச்சுப் பேசவில்லை.

எந்தத் தேதியில் சேர்ப்பது என்று மட்டும் வரி ஆலோசகரைக் கேட்டாள். அங்கேதான் சனி பிடித்தது.

"வர்ற மாசம்னு இழுக்காதீங்க. வரி வருஷம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. அதுக்குள்ள சேத்துடுங்க. இந்த வருஷத்துலயும் சலுகை, வர்ற வருஷத்துலயும் சலுகை. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா" என்றார் ஆலோசகர். தன் கூலியை மட்டும் அவர் அந்த வருஷத்திலேயே முழுசாக வாங்கிக்கொண்டார்.

நெட்டையர் சேர்ந்தார். வரி வருஷம் மாறியது. நாலு மாதம் நல்லபடியாக ஓடியது. அவருடைய மனைவி பெட்டியோடு திரும்பி வந்தாள், மகளைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். லாண்டரியம்மா மனுவை எழுதி எடுத்துக்கொண்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு, வரி இலாகாவுக்குப் போனாள்.

கீழ்த்தளத்தில் இருந்தது சென்ற ஆண்டுப் பிரிவு. சுவரில் போன வருஷக் காலண்டர் தொங்கியது. யாரோ எடுக்க மறந்துவிட்டார்கள் என்று அவள் நினைத்தாள். மறதி இல்லை, அது உத்தரவு. அந்த அறைக்குள் போன வருஷம் இன்னும் முடியவில்லை. சென்ற ஆண்டு அதிகாரி மனுவைப் படித்து, பரிதாபமாக உச்சுக்கொட்டினார்.

"உங்க ஆள் நாலு மாசம் வேலை செய்யலையேம்மா. வருஷக் கடைசியில வந்து ரெண்டு வாரம்தான் இருந்திருக்கார்."

"அதுக்கப்புறமும் செஞ்சாருங்க. இன்னிக்கும் செஞ்சுகிட்டிருக்கார்."

"அதுக்கப்புறம்னா?"

"இந்த வருஷங்க."

அதிகாரி கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். "இந்த வருஷத்தைப் பத்தி இங்க பேசக் கூடாது. என்ன நடக்கப் போகுதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் தெரிஞ்சுக்க எனக்கு அதிகாரம் இல்ல. மேல போய்ப் பாருங்க."

மேல்தளத்தில் நடப்பு ஆண்டுப் பிரிவு. அங்கே ஓர் அம்மாள் இருந்தார். சிரித்த முகம், மேஜையில் புதுக் காலண்டர். லாண்டரியம்மாவுக்கு உயிர் வந்தது.

"நாலு மாசம் கணக்கா இருக்கு, ரொம்ப சந்தோஷம்" என்றார் நடப்பு ஆண்டு அம்மாள். "ஆனா சலுகை புதுசாச் சேர்ந்தவங்களுக்குத்தான். எங்க வருஷம் பிறந்தப்பவே உங்க ஆள் உங்ககிட்ட இருந்திருக்கார். எங்களைப் பொறுத்தவரைக்கும் அவர் பழைய ஆள். பிறந்ததிலேர்ந்து உங்ககூட இருக்கறவர் மாதிரி."

"அவர் குடைக் கம்பெனியில இருந்தவருங்க!"

"அது போன வருஷத்துச் சமாசாரம். கீழ சொல்லுங்க."

"இப்ப நான் என்னதான் பண்றதுங்க?"

அம்மாள் குரலைத் தாழ்த்தி, உடன்பிறந்தவளுக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "ஒண்ணு பண்ணுங்க. அவரை வேலையை விட்டு நிறுத்திடுங்க. நல்லா ஒரு வருஷம் கஷ்டப்படட்டும். நீண்ட நாள் வேலையில்லாதவர்னு சான்றிதழ் வாங்கிட்டு வரட்டும். அப்ப புதுசாச் சேத்துக்கோங்க. அவர் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

லாண்டரியம்மா அன்றிலிருந்து மாடிக்கும் கீழுக்கும் நடந்தாள். எத்தனை தரம் என்று அவளுக்கே தெரியாது, முழங்காலுக்குத் தெரியும். கீழே போனால் மேலே போகச் சொன்னார்கள், மேலே போனால் கீழே போகச் சொன்னார்கள், இரண்டு இடத்திலும் உட்காரச் சொல்லவில்லை. அலைச்சலில் ஆஸ்பத்திரிக்கு உறைகள் இரண்டு தரம் தாமதமாகப் போயின. சலுகையை நம்பிக் கட்டாமல் வைத்திருந்த வரிக்கு அபராதம் ஏறியது. அபராதம் மட்டும் போன வருஷம், இந்த வருஷம் என்ற பேதமில்லாமல் தாராளமாக வளர்ந்தது.

"வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டோம்" என்றார் புருஷன். அவர் தினமும் ஒரு பழமொழி சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவருக்கும் பயம்தான், அதைச் சொல்ல வேறு வழி அவருக்குத் தெரியாது.

பிறகு ஒரு நாள் நேரில் ஆய்வு என்று கடிதம் வந்தது. இரண்டு பிரிவிலிருந்தும் ஒவ்வோர் ஆய்வாளர், ஒரே காரில் வந்தார்கள், ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல் இறங்கினார்கள். வேறு வேறு ஆண்டைச் சேர்ந்தவர்கள் கடமை நேரத்தில் பேசிக்கொள்வதை விதி தடுத்திருந்தது.

சென்ற ஆண்டு ஆய்வாளர் நெட்டையரை மேலும் கீழும் பார்த்தார். மேலே பார்க்கக் கழுத்தை நன்றாக நிமிர்த்த வேண்டியிருந்தது.

"நான் போன வருஷத்தை ஆய்வு செய்ய வந்திருக்கேன். போன வருஷம் நீங்க புது ஆள். அதனால புது ஆள் மாதிரி ஒரு விரிப்பை மடிச்சுக் காட்டுங்க."

"புது ஆள் மாதிரின்னா?"

"தடுமாறணும். முதல் நாள் எப்படித் தடுமாறினீங்களோ அப்படி."

நெட்டையர் முதல் நாளே தடுமாறவில்லை என்பதுதான் சங்கடம். அவர் லாண்டரியம்மாவைப் பார்த்தார். லாண்டரியம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். அந்த நல்ல மனுஷர், உலர்த்தும் மிஷினிலிருந்து வந்த சூடான விரிப்பை எடுத்து, கோணலாக மடிக்க முயன்றார். கை கேட்கவில்லை. ஓரத்தோடு ஓரம் தானாகப் போய்ச் சேர்ந்தது. உதறிவிட்டு மறுபடி மடித்தார், முத்திரை மேலே வந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டு மடித்தார், இன்னும் நன்றாக வந்தது. நெற்றி வியர்த்தது. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு விரிப்பை மூட்டையாகச் சுருட்டி, தரையில் போட்டு, அதன்மேலேயே கால் தடுக்கி விழுந்தார். விழுந்தது நடிப்பில்லை.

சென்ற ஆண்டு ஆய்வாளர் எழுதிக்கொண்டார்: 'முதல் மூன்று மடிப்புகளும் தேர்ந்த கையின் வேலை. இவர் புதியவர் அல்ல.'

நடப்பு ஆண்டு ஆய்வாளர் அதுவரை மிஷின்களைப் பார்த்துவிட்டு அப்போதுதான் இந்தப் பக்கம் திரும்பினார். தரையில் கிடந்த சுருட்டலையும் அதன்மேல் கிடந்தவரையும் பார்த்து எழுதிக்கொண்டார்: 'இவர் நாலு மாதம் சலவை வேலை செய்தவர் என்பதை நம்புவதற்கில்லை.'

இரண்டு பேரும் ஒரே காரில் ஏறிப் போனார்கள். நெட்டையர் எழுந்து, அழுக்கான விரிப்பைத் திரும்ப மிஷினில் போட்டார். "மன்னிச்சுடுங்கக்கா, எனக்கு வரல" என்றார். ஐம்பது வயசில் லாண்டரியம்மா சோப்புத்தூள் மூட்டைமேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

ஆனாலும் அவள் விடவில்லை. ஆணையரையே பார்ப்பது என்று போய், அவர் அறை வாசலிலேயே கிடந்தாள். நாலாவது நாள் ஆணையருக்கு அவள்மேல் இரக்கம் வந்ததோ, அவளைத் தாண்டிப் போவது சிரமமாக இருந்ததோ, உள்ளே கூப்பிட்டார். அவர் மேஜையில் ஒரு வெள்ளிக் கேடயம் பளபளத்தது.

"அம்மா, ஒரு முறைகேடுகூட நடக்காத திட்டம் இந்த நாட்டுல இது ஒண்ணுதான்" என்று தொடங்கினார். "ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இன்னிவரைக்கும் தகுதியில்லாத ஒருத்தருக்குக்கூட ஒரு பைசா போகல."

"தகுதி இருக்கறவங்களுக்கு எவ்வளவு போயிருக்குங்க?"

"இந்தக் கேள்வியே தப்பு. கொடுக்க ஆரம்பிச்சாத்தானேம்மா தப்பான ஆளுக்குப் போகும்? அந்தப் பேச்சுக்கே நாங்க இடம் வைக்கல. அதுக்குத்தான் இந்தக் கேடயம். தேர்வுக் குழுவுக்கு நான்தான் தலைவர், ரொம்பக் கண்டிப்பாத்தான் தேர்ந்தெடுத்தோம்."

"சார், எனக்குக் கேடயமெல்லாம் புரியாது. அந்த ஆளை வேலையில வெச்சுக்க முடியல சார். அவர் குடும்பம் இப்பத்தான் ஒண்ணு சேர்ந்திருக்கு. கடையும் மூடற நிலைமைக்கு வந்துடுச்சு. ஏதாவது வழி பண்ணுங்க."

ஆணையர் கண்ணை மூடி யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார், அதுதான் ஆபத்து.

"உங்க ஆள் போன வருஷம் முடியற இடத்துக்கும் இந்த வருஷம் தொடங்கற இடத்துக்கும் நடுவுல மாட்டிக்கிட்டிருக்கார். அந்த இடம் எந்தப் பிரிவுக்கும் சேராது. அதுக்குன்னே ஒரு பிரிவு ஆரம்பிக்கணும். இரு ஆண்டு இடைநிலைப் பிரிவு! உங்களால இந்த நாட்டுக்கே ஒரு நல்லது நடக்கப் போகுதும்மா."

"எப்பங்க?"

"ஆளுங்களை நியமிக்கணும், இடம் பாக்கணும். அவசரப்பட்டா நல்லது நடக்குமா?"

அவசரம் லாண்டரியம்மாவுக்குத்தான் இருந்தது. அந்த மாதம் சம்பள நாளன்று, மிஷின் பெண்கள் போன பிறகு, நெட்டையரைக் கூப்பிட்டாள். சம்பளத்தைக் கையில் கொடுத்துவிட்டு, கொடுத்த பணத்தையே மறுபடி வாங்கி எண்ணினாள்.

"புரியுதுக்கா" என்றார் அவரே. "சலுகை வந்ததும் கூப்பிடுங்க."

"கண்டிப்பாக் கூப்பிடறேன் தம்பி. வீட்டுல எப்படிச் சொல்லப் போறீங்க?"

"சொல்லப் போறதில்ல. காலையில சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவேன். எங்கயாவது உக்காந்து சாப்பிட்டுட்டு சாயங்காலம் போவேன். சொன்னா அவ மறுபடி பெட்டியைக் கட்டிடுவா."

அவர் மிச்சமிருந்த விரிப்புகளை மடித்து வைத்துவிட்டுப் போனார். லாண்டரியம்மாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்த கையாலேயே பிரித்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. வரி இலாகாவில் யாருக்கும் அப்படித் தோன்றியதாகத் தகவல் இல்லை.

மழைக்காலம் போய் வெயில் வந்தபோது, ஆஸ்பத்திரி தன் விரிப்புகளை வேறு சலவைக்காரருக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னது. உலர்த்தும் மிஷினை விற்க விலை பேசிக்கொண்டிருந்த அதே வாரத்தில், இடைநிலைப் பிரிவு திறந்தாகிவிட்டது, வந்து மனுவை முடித்துக்கொள்ளவும் என்று கடிதம் வந்தது.

"போகாதே. இன்னொரு தரம் போனா நாமளே இல்லைன்னு எழுதிக் கொடுத்துடுவாங்க" என்றார் புருஷன். அன்றைக்குப் பழமொழி எதுவும் சொல்லவில்லை.

"சலுகை வந்துட்டா கடையை மூட வேண்டாம். அவரையும் திரும்பக் கூப்பிட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

இரு ஆண்டு இடைநிலைப் பிரிவைக் கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் நடுவே, மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு மேஜை போட்டு அமைத்திருந்தார்கள். மேஜைக்குப் பின்னால், சாய்ந்த கூரையில் தலை இடிக்காமல் கழுத்தை மடக்கிக்கொண்டு, சலவைச் சட்டையில் நெட்டையர் உட்கார்ந்திருந்தார்.

லாண்டரியம்மா படியிலேயே நின்றுவிட்டாள். அவர்தான் மெதுவாகச் சொன்னார்.

"இந்தப் பிரிவுக்கு நீண்ட நாள் வேலையில்லாத ஆளாத்தான் எடுக்கணும்னு ஆணையர் சொல்லிட்டாருக்கா. நான் உங்ககிட்ட வேலை பாத்ததா ரெண்டு பிரிவும் ஒத்துக்கலையில்ல? அதனால நான் குடைக் கம்பெனியிலேர்ந்து இடைவெளியே இல்லாம வேலையில்லாதவன்னு சான்றிதழ் கொடுத்தாங்க. ஊர்லயே என் அளவுக்கு நீளமா வேலையில்லாதவன் யாரும் இல்லையாம். உடனே எடுத்துக்கிட்டாங்க. எனக்கான சலுகையை இலாகா தனக்குத்தானே அன்னிக்கு மத்தியானமே குடுத்துக்கிச்சு."

"வீட்டுல?"

"அவளுக்கு எதுவுமே தெரியாது. டப்பா கொடுக்கறா, நான் கிளம்பறேன். பொண்ணு நல்லாப் படிக்குதுக்கா."

சொல்லிவிட்டு அவர் அவளுடைய மனுவை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். "இந்தப் பிரிவுல ஆய்வெல்லாம் கிடையாது. வேலை பாத்தவரே ஆமா, பாத்தேன்னு கையெழுத்துப் போட்டாப் போதும், சலுகை வந்துடும். இதோ போட்டுடறேன்."

"போட்டா உங்களுக்கு என்ன ஆகும்?"

அவர் பேனா மூடியைத் திறந்தார்.

"தம்பி, கேக்கறேன்ல?"

"நடுவுல வேலை பாத்தவன்னு ஆயிடும். சான்றிதழ் பொய்யாயிடும். பரவாயில்லக்கா. உங்க கடைதான் எனக்கு முதல்ல சோறு போட்டது." பேனா மனுவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

லாண்டரியம்மா மனுவைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஆணையர், புதுப் பிரிவைப் பார்க்க வந்த நாலு பெரிய மனிதர்களோடு படியேறி வந்தார். லாண்டரியம்மாவைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "இவங்கதான்! இந்தப் பிரிவே இவங்களாலதான் வந்தது. என்னம்மா, மனு முடிஞ்சுதா? உங்க ஆள்னு சொன்னீங்களே, அவரை அடையாளம் காட்டிட்டீங்களா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நெட்டையர் எழுந்திருக்கப் பார்த்தார், கூரையில் தலை இடித்தது. விற்க வைத்திருந்த மிஷினும், பூட்டப் போகிற கதவும், வண்டியில் தனியாக உட்கார்ந்திருக்கும் புருஷனும் அவள் கண்முன்னால் வந்து போனார்கள். அந்தக் கேடயத்தை எடுத்து ஆணையரின் தலையில் போட வேண்டும் என்று இருந்தது.

"இல்லீங்க" என்றாள். "அப்படி யாரும் என்கிட்ட வேலை பாக்கல. நான்தான் தப்பா மனுப் போட்டுட்டேன்."

ஆணையர் பெரிய மனிதர்கள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? தகுதியில்லாத மனு. பழைய முறையா இருந்தா இன்னும் எத்தனை வருஷம் இழுத்திருக்கும்! புதுப் பிரிவுல ஒரே நாள்ல, மனுதாரர் வாயாலேயே முடிஞ்சுடுச்சு." நாலு பேரும் கை தட்டினார்கள். அவர் மேஜைமேல் இருந்த ஒரு புதுப் புத்தகத்தைப் புரட்டி அவள் பக்கம் நகர்த்தினார். "எங்க சேவையைப் பத்தி நாலு வார்த்தை எழுதிட்டுப் போங்கம்மா. முதல் பக்கம் உங்களுடையதா இருக்கட்டும்."

நெட்டையர் தன் பேனாவைக் கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்ததால் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. குனிந்து, இலாகாவுக்கு இத்தனை நாள் எழுதியதிலேயே தெளிவான கையெழுத்தில் எழுதினாள்:

'புதிதாகச் சேர்ந்திருப்பவர் நன்றாக வேலை செய்கிறார். நிறுத்திவிடாதீர்கள்.'